முழுச் சுருளையும் திறந்துவிடுங்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொலைக்காட்சி நிலையங்கள், பல்கலைக்கழகங்கள், நூலகங்களின் படக் காப்பகங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம். மிசிசிப்பி, டெக்சாஸ், கரோலினா பக்கத்துக் கறுப்பின மக்களின் நாட்டார் இசையான பழைய ப்ளூஸ் கிடாரைக் கற்றுக்கொள்ளப் பாடுபடுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம். எங்கள் வாத்தியார்கள் ஏறக்குறைய எல்லாருமே காலமாகிவிட்டார்கள். அவர்கள் வாசிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் அலமாரிகளில் இருக்கும் படச்சுருள்தான் கதி. உங்களிடம் கேட்பது இதுதான்: வெட்டி ஒட்டி ஒளிபரப்பிய துண்டுகளோடு நிறுத்தாமல், கேமரா ஓடிய முழு நீளத்தையும் திறந்துவிடுங்கள்.

இசைத்தட்டைக் கேட்டால் போதாதா என்று நினைக்கலாம். போதாது. எலிசபெத் காட்டன் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தவர். மற்றவர்கள் கட்டைவிரலால் பேஸ், அதாவது அடிநாதக் கம்பிகளை, வாசிப்பார்கள். இவர் கட்டைவிரலால் மெட்டை வாசிப்பார், பேஸை மற்ற விரல்கள் கவனித்துக்கொள்ளும். வெறும் ஒலியை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1960களின் நடுவில் நாட்டார் பாடகர் பீட் சீகர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை உட்காரவைத்து வாசிக்கவைத்தார். அதனால்தான் இன்று யாரும் அந்தக் கையைப் பார்க்க முடிகிறது. அதே நிகழ்ச்சிக்கு வந்த ரெவரண்ட் கேரி டேவிஸ் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை மட்டுமே வைத்துக்கொண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல வாசிப்பார். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் சுண்டுவிரலும் மோதிர விரலும் கிடார் பலகையில் ஊன்றியிருக்க, கட்டைவிரல் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

சன் ஹவுஸைப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1930இல் இசைத்தட்டுக்கு வாசித்தவர், அப்புறம் 1964இல் ராச்செஸ்டர் நகரில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார். 1960களில் எடுத்த படங்களில் அவர் கை கம்பியை மீட்டுவதில்லை, அறைகிறது. அறைந்த வேகத்தில் மணிக்கட்டு விலகித் தெறிக்கும். இடது மோதிர விரலில் மாட்டிய ஸ்லைடு, அதாவது கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் சிறு குழாய், மேல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கட்டையில்) நடுங்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பது தோளைப் பார்த்தால்தான் பிடிபடும். சரியாக அந்த இடத்தில் படம் கூட்டத்துக்குத் தாவிவிடுகிறது என்று வையுங்கள், பாடம் போச்சு. தொலைக்காட்சிக்காரர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். கை கிடாரின் கழுத்தில் மேலே ஏறும் நேரம் பார்த்து முகத்தைக் காட்டுவார்கள்.

பல கேமராக்களை அங்கேயே கலந்து டேப்பில் ஏற்றிய நிகழ்ச்சிகளில் வேறு கோணம் கிடைக்காது, தெரியும். ஆனால் 16 மி.மீ. பிலிமில் எடுத்த பலவற்றில், படத்தொகுப்பில் ஒதுக்கிய சுருள்கள் எங்காவது இருக்கும். நான் கேட்பது அவற்றை.

அப்படித் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1978இல் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், ஜான் பிஷப், வொர்த் லாங் மூவரும் மிசிசிப்பியில் படம் எடுத்துக்கொண்டு போனபோது, கேன்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பெல்டன் சதர்லேண்ட் என்பவர் கிடாரை வாங்கிச் சில பாட்டுகள் பாடினார். வெளிவந்த படத்தில் அவருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அவர் இசைத்தட்டு எதுவும் போட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து லோமாக்ஸின் கலாச்சாரச் சமத்துவச் சங்கம் மூலச் சுருள்களை இணையத்தில் ஏற்றியது. இன்று அந்தச் சில பாட்டுகளை விரல் விரலாகப் பார்த்துப் படிப்பவர்கள் எத்தனையோ பேர். ஒதுக்கிய சுருள் ஒரு பெரும் கலைஞரை உலகத்துக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் பெட்டிகளில் இன்னும் எத்தனை சதர்லேண்டுகள் இருக்கிறார்களோ!

மிஞ்சியது எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும். சார்லி பேட்டன், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், ராபர்ட் ஜான்சன் ஆகிய பழைய ப்ளூஸ் மேதைகள் வாசிப்பதைக் காட்டும் படம் ஒரு நொடிகூட கிடைத்ததில்லை. மெம்ஃபிஸ் தெருவில் ஒருவர் கிடார் வாசிக்கும் சில விநாடித் துண்டு ஒன்றை ஜான்சன் என்று கொண்டாடினார்கள்; பின்னால் சுவரில் தெரிந்த சினிமா விளம்பரம் 1941ஆம் ஆண்டுப் படத்தினுடையது, ஜான்சன் இறந்ததோ 1938இல். அந்த ஏக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ப்ளூஸ் கலைஞர் பிக் பில் புரூன்சியை 1957இல், அவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடப்பதற்குச் சற்று முன்னால், பீட் சீகர் கேமராவில் பிடித்துவைத்தார். அடுத்த ஆண்டே புரூன்சி போய்விட்டார். ஜெர்மனியில் 1960களில் பேடன்-பேடன் தொலைக்காட்சி எடுத்த ப்ளூஸ் விழா நிகழ்ச்சிகள் டிவிடியாக வெளிவர 2003 வரை ஆனது. இனியும் அப்படிக் காத்திருக்க முடியாது.

திறப்பதென்றால் கலைஞர்களின் குடும்பங்களைத் தாண்டிக்கொண்டு போவதல்ல. வாரிசுகளைத் தேடிப் பேசுங்கள், வருமானம் வந்தால் பங்கு கொடுங்கள், பட்டியலில் பெயரை முழுதாகப் போடுங்கள். ப்ளூஸ் கலைஞர் ஃபிரெட் மெக்டவல் வாழ்ந்த மிசிசிப்பியின் கோமோ ஊர் நூலகத்துக்கு லோமாக்ஸ் பதிவுகளின் பிரதிகளைக் கொடுத்தார்கள். அதை எல்லாரும் செய்யலாம். கலைஞரின் ஊரில் முதல் பிரதி, அப்புறம் எங்களுக்கு. கூடவே எந்தச் சுருதியில் கம்பிகளைக் கூட்டியிருக்கிறார், என்ன கிடார், எந்த ஊர், எந்த நாள் என்று தெரிந்த மட்டும் எழுதிவையுங்கள். ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸ் கம்பிகளைக் கூட்டிய மைனர் சுருதி தெரியாமல் அவர் விரல்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் புரியாது.

பணமும் ஆளும் போதாது என்பீர்கள், நியாயம்தான். அதனால் எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்கிறேன். பழைய பிலிம் வகையான அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் டப்பாவைத் திறக்கும்போதே வினிகர் வாடை அடிக்கும். ஒலிக்காகக் காந்தப் பூச்சுப் பூசிய சுருளில், பூச்சில் இருக்கும் இரும்புத்துகள் அந்தச் சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. ஆகவே காந்த ஒலியுள்ள சுருள்களை முதலில் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் வேண்டாம், கிளாப் பலகை தட்டுவதிலிருந்து அப்படியே போடுங்கள். மற்றதுக்கு அப்புறம் வரிசை போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ப்ளூஸ் கிடார் பயிலும் ஒருவர்