பாட்டியின் கைநாட்டும் செல்லும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சில வருஷமாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

பள்ளியில் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள் அது. பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாத்திரையை வாங்கிக்கொண்டு, டம்ளரைக் கையில் பிடித்தபடி விழுங்காமலே நின்றாள். மற்ற பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்தாள் போல. பிறகு மெதுவாக, “இதைப் போட்டா வயித்துல இருக்கிறதுக்கு ஏதும் ஆகுமா நர்சம்மா?” என்று கேட்டாள். வயது 16. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இவளைப் பிறந்ததிலிருந்து வளர்த்தது அப்பத்தா.

மறுநாள் அவளையும் அப்பத்தாவையும் கருக்கலைப்புக்காக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். “அப்பா கையெழுத்து இல்லாம முடியாது” என்றார்கள். மஞ்சப்பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேசையில் வைத்து, “நான்தான் தாயி வளக்குறேன், எங்கிட்ட கைநாட்டு வாங்கிக்க” என்றார் அப்பத்தா. யாரும் அந்தக் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து போலீஸ் என்ற சொல் வந்தது. அப்பத்தா கார்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, மெடிக்கலில் யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் போட்டு உதிரம் நிற்காமல் 108-ல் போனாள் அந்தப் பிள்ளை. பிழைத்துக்கொண்டாள். பள்ளிக்குத் திரும்பவில்லை.

கருக்கலைப்புச் சட்டத்தை ஓய்வுக்குப் பிறகுதான் முழுசாகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். அந்தக் குற்றவுணர்வு எனக்கு உண்டு. 18 வயது நிரம்பாதவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது 1971-ஆம் வருஷத்துச் சட்டம். அப்பா என்று அதில் இல்லை. அந்தப் பிள்ளையைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர் யாரோ அவரே பாதுகாவலர் என்று இரண்டாம் பிரிவிலேயே விளக்கமும் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் எதிரில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். சட்டம் ஏற்கிற ஒருவரை ஒரு மேசை திருப்பி அனுப்பியது.

போலீஸ் விஷயமும் அப்படியே. 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. டாக்டர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் சொல்லும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை. இதைச் சொல்லியிருந்தால் அப்பத்தா எழுந்து போயிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். இப்போது வேலையில் இருக்கும் செவிலியர் பிள்ளைகளிடம் கேட்கிறேன்; பலருக்கு இந்தத் தீர்ப்பு தெரியவில்லை. இதில் நாள் முக்கியம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். அதைத் தாண்டினால் இரண்டு பேர். 24 தாண்டினால் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். அப்பா எப்போது ஊருக்கு வருவார் என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வயிற்றில் கூடுகிறது.

பெற்றோரை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. நானும் தாய்தான். என் மகள் வயசுக்கு வந்தபோது பந்தல் போட்டோம், தாய்மாமன் சீர் வந்தது, பத்திரிகை அடித்து ஊருக்கே சொன்னோம். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளிடம் உட்கார்ந்து பேச எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் படம் போட்டு விளக்கிய நர்ஸ் நான்! பெற்றோர் வர வேண்டிய நேரம் அதுதான். அங்கே வராமல் இருந்துவிட்டு, கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போட மட்டும் வருகிறோம்.

அப்படி வரும்போதும் பேச்செல்லாம் பெரியவர்களோடுதான். “எத்தனை நாள் தள்ளியிருக்கு?” என்று அம்மாவைக் கேட்கிறார்கள், பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில், பாதுகாவலரும் பிள்ளையும் வேறு வேறு விதமாக நினைத்தால் பிள்ளையின் கருத்தையும் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவள் கருத்தைத் தெரிந்துகொள்ள முதலில் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டுமே. கதவு சாத்திய ஓர் அறை, ஒரு பெண் ஊழியர், பத்து நிமிஷம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது முடியும்.

நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. பாதுகாவலர் என்றால் யார், பெயரை மறைத்துத் தகவல் சொல்வது எப்படி என்ற இரண்டையும் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தமிழில் எழுதி அனுப்புங்கள். மகப்பேறு பிரிவில், நோயாளி உட்காரும் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை அவருக்கு வாசித்துச் சொல்ல ஒருவரையும் அங்கே வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்.