ஏறுறதா, இறங்குறதா?

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் போடப் பிந்தினது சோம்பலால் இல்லை, இரண்டு கையிலும் கிறீஸ். பேனையைப் பிடித்தால் தாளில் எழுத்துக்கு முன்னம் பெருவிரல் அடையாளம் விழுகிறது. மகளுக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோசம், அவளிடம் சொல்லு. மின்சாரக் கார் எடுத்திருக்கிறாய், சத்தமே இல்லை, தண்ணீரில் போகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது. இங்கே நான் அதற்கு நேரெதிரான ஒரு விசர் வேலையில் இறங்கிவிட்டேன். அப்பாவின் மொரிஸ் பிக்கப்பை வெட்டிப் போட்டேன்.

பதறாதே, முழுக்க வாசி.

அந்தச் சாம்பல் நிறப் பிக்கப்பை மறந்திருக்க மாட்டாய். இடப்பக்கக் கதவை இரண்டு தரம் அடித்தால்தான் பூட்டும். பின்பெட்டியில் நின்றுகொண்டு கன்னியாவுக்குப் போவோம், ஏழு கிணற்றுச் சுடுதண்ணியிலும் முழுகிவிட்டு ஈரக் காற்சட்டையோடு திரும்புவோம். கிண்ணியாவுக்குப் பாலம் வர முந்தி, பாதை என்கிற மிதவையில் ஏற்றி இறக்கும்போது அப்பா எங்கள் இருவரையும் இறங்கித் தள்ளச் சொல்வார். அப்பா போன பிறகு அது மாமரத்துக்குக் கீழேயே நின்றது. கடைசி ஆறேழு வருசம் கோழி அடைகிடக்கிற இடமாகத்தான் இருந்தது.

இது தொடங்கினது 2022இல், பெற்றோல் வரிசையில். சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கிற ஊரில், மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீற்றர் அடிக்க விடியற்காலையில் போய்ப் பொழுது படும்வரை நின்றேன். அந்த வரிசையில் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பொடியன் தன் போனில் ஒரு படம் காட்டினான். பழைய ஃபோர்ட் பிக்கப் ஒன்று, வயிறு தார் றோட்டில் முட்டுகிற மாதிரிப் பதிந்து கிடந்தது. “அங்கிள், உங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்குதுதானே” என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு கோழியை வேறு இடத்துக்கு மாற்றினேன்.

பழைய காரை வெட்டி மாற்றி ஓட்டுகிற இந்த ஹொட் ரொட் என்கிறது பணக்காரன் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேர் அப்படி இல்லையாம். 1932இல் ஃபோர்ட் கம்பனி வி8 எஞ்சினைச் சாதாரண ஆளும் வாங்கக்கூடிய காரில் போட்டு விற்றது. புதிதில் அதற்கு 65 குதிரை வலு. பத்துப் பன்னிரண்டு வருசத்தில் அந்தக் கார்களெல்லாம் பழசாகி மலிந்துவிட, கையில் காசில்லாத கலிபோர்னியாப் பொடியன்கள் அவற்றை வாங்கி மட்கார்ட், பம்பர் எல்லாம் கழற்றிப் பாரம் குறைத்து, காய்ந்த ஏரிப் படுக்கைகளில் விரட்டிப் பார்த்தார்கள். உலகப் போர் முடிந்து வீடு திரும்பினவர்களும் சேர்ந்துகொள்ள அது பெருகியது. கூரையை வெட்டிக் குட்டையாக்கினது முதலில் காற்றுத் தடுக்காமல் இருக்க, பிறகு வடிவுக்கு. இதை வாசிக்க எனக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வந்தது. 90களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் அங்கே பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே. காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றி. எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மொரிஸ் இதற்குத் தோதான வண்டி. மொரிஸ் மைனர் காருக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடற்கூடுதான் எல்லாம். பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டும் கீழே தனிச் செசி உண்டு. பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடியில் வேலை செய்யலாம். கழற்றினபோதுதான் தெரிந்தது, உப்புக் காற்று என்ன வேலை செய்திருக்கிறது என்று. இரண்டு ஒட்டுப் போட்டால் காணும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஸ்குறூ றைவரால் குத்த, கபினுக்குப் பின்பக்கத் தகடு முழுக்க அப்பளம் மாதிரி நொறுங்கியது. செசிக்குள் இருந்து மணல் கொட்டியது, ஒரு பேணி நிறையும். நாங்கள் நிலாவெளியில் இருந்து காலைக் கழுவாமல் ஏறி வந்த மணலாகத்தான் இருக்க வேண்டும். அப்பா அப்போதே ஏசினவர், நீதான் கேட்கவில்லை.

வெல்டிங்குக்குக் கிண்ணியாவில் இருந்து ஒரு நானா வந்தார். அவர் இரும்போடு நாற்பது வருசம் பழகினவர், அதிலும் கூட வேலை தோணி, வள்ளம். கார்க்காரர் மாதிரி அவர் கதைப்பதில்லை. இரும்பைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு “இது உசிரோட இருக்கு, இது மையத்து” என்பார். மையத்தை எல்லாம் வெட்டி எறிந்தோம்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் மூன்று வருசத்தில் படித்த பாடம், கொஞ்சம் நீளும். வண்டியைப் பதிப்பது, அதாவது தரையோடு தாழ்த்துவது, லேசு மச்சான். முன்பக்கம் மொரிஸில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீட்டுக்கு ஒரு முறுக்குக் கம்பி செசியோடு ஓடும். அதன் முனையில் பல் வெட்டியிருக்கும். ஜாக்கில் தூக்கி, கம்பியை இழுத்து, பல் மாற்றிச் செருகினால் வண்டி தானாக இருந்துவிடும். இடது கம்பியை வலதுக்குப் போட்டுவிடக் கூடாது, அது மட்டும் கவனம். பின்பக்கம் அதைவிட லேசு. அச்சு ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதால் இடையில் இரண்டு அங்குல இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் பூட்டினால் சரி. ஒரு சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டேன். சந்தோசத்தில் படம் எடுத்து உனக்கும் அனுப்பினேன். நீ பெருவிரல் ஒன்று போட்டாய்.

அடுத்த நாள் ஒழுங்கை முடிவு வரைக்கும் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பில் சுத்தியலால் அடித்த மாதிரி. சில்லு மேலே எழும்புவதற்கு முந்தியெல்லாம் ஒரு சாண் வெளி இருந்தது. நான் வண்டியை இறக்கினபோது அந்த வெளியைத்தான் தின்றிருக்கிறேன். பின்அச்சு நேராகச் செசியில் போய் அடிக்கிறது. முன்பக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் மைனரில் ஷொக்கின், அதாவது அதிர்வு தாங்கியின், கைதான் சில்லைப் பிடிக்கிற மேல்கையும், அது எப்போதும் றப்பரில் முட்டிக்கொண்டே நின்றது. நிற்கும்போது வடிவு, ஓடினால் மாட்டு வண்டி. நானா வந்து குந்தியிருந்து பார்த்தார். “தம்பி, கீழ இறக்கினீங்க சரி. சில்லு மேல போக எடம் வச்சீங்களா?”

அதற்குப் பிறகு நடந்தது எட்டு மாத வேலை. பின்அச்சுக்கு நேர்மேலே செசியில் அரைவட்டமாக வெட்டி, தடித்த நாலங்குலக் குழாய் ஒன்றைப் பாதியாகப் பிளந்து அந்த இடத்தில் கவிழ்த்து வைத்து வெல்ட் பண்ணினார். வெட்டின இடம் பலமிழந்து போகும் என்பதால் உள்ளேயும் வெளியேயும் தகடு. பெற்றோல் தாங்கியைக் கழற்றி மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் நெருப்புக் காட்டினார், அதில் ஒரு சொல் விட்டுக் கொடுக்கவில்லை. ஷொக்கையும் மாற்றி, முன்பக்கம் ஒரு பல் திரும்பவும் ஏற்றினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் ஏற்றினேன். இப்போது ஆகத் தாழ்ந்த இடம் தரையில் இருந்து 11 சென்ரிமீற்றர். படத்தில் பார்க்கிற அமெரிக்கன் இதைப் பதிந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் எங்கள் ஒழுங்கைக்கு வரட்டும்.

கூரையை வெட்ட எனக்கு ஆசை இருந்தது. மூன்று அங்குலம், சோக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன். நானா கோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்து, “வாப்பாட வண்டி எண்டுதானே சொன்னீங்க” என்று மட்டும் கேட்டார். துணியால் கோட்டை அழித்தேன். இப்போதும் வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கோடு மெல்லத் தெரியும்.

எஞ்சின் பழைய 948 சிசி இல்லை. அந்த ஒழுங்கை ஓட்டத்துக்குப் பிறகு அது இறுகிப் போய்விட்டது. டட்சன் 1200இன் 1171 சிசி எஞ்சின் ஒன்று கிடைத்தது. இரண்டும் ஒரே சாதி மாதிரி இருக்கும், ஆள் கொஞ்சம் இளசு. வண்டிப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்றி எடுக்க அலைந்த கதை வேண்டாம். எஞ்சினை ஏற்ற முந்தி பிறேக்கை மாற்றினேன், முன்சில்லுக்கு டிஸ்க். இதில் நான் கலிபோர்னியாப் பொடியன்கள் கட்சி இல்லை. ஏரியில் முன்னால் ஆடு மாடு வராது. எங்களுக்கு மான் வருகிறதே. போன கிழமையும் இரண்டு வளவுக்குள் வந்து, நான் பூசி வைத்திருந்த மட்கார்ட்டை நக்கிவிட்டுப் போயின.

ஒரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், நீயாவது சிரி. வடிவான அலுமினிய றிம் நாலு மலிவாக வாங்கினேன், நாலு துளை. மொரிஸில் நட்டுத் துளைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம் நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். வாங்கினது 100. ஒன்றரை மில்லிமீற்றர் என்ன பெரிய விசயம், இறுக்கினால் ஏறும். ஏறியது. இரண்டாம் நாள் பார்த்தால் நட்டு எல்லாம் கையால் திருப்பக்கூடிய மாதிரி இளகிக் கிடக்கிறது. நட்டு அதன் குழியில் நேராக இருக்கவே இல்லை. நல்ல காலம், வண்டியை வளவுக்குள்ளேதான் உருட்டியிருந்தேன். இப்போது அந்த றிம் நாலிலும் மனைவி கறிவேப்பிலையும் றோசாவும் நட்டிருக்கிறாள். வண்டிக்குப் பழைய இரும்புச் சில்லுதான், கறுப்புப் பூசி.

வேலை முடிந்த பிறகு முதல் ஓட்டம் போன வெள்ளி விடிய. உட்துறைமுக வீதியால் போய் கோட்டை வாசலுக்கு வந்தேன், கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று. காவலுக்கு நின்ற ஆமிப் பொடியன் குனிந்து அடியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “மேக்க மொகக்த?” என்றான், இது என்னவென்று சிங்களத்தில். மொரிஸ் என்றேன். நம்பவில்லை. பழைய ஸ்ரீ நம்பர்த் தகட்டைக் காட்ட, சிரித்துக்கொண்டு தானும் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் விட்டான். மலை ஏற்றத்தில் டட்சன் முனகவே இல்லை. அப்பா அந்த ஏற்றத்தில் எப்போதும் ஒரு கியர் குறைப்பார். என் கையும் தானாகக் கியருக்குப் போனது, தேவை இல்லாமல்.

அம்மாவைத் திரும்பி வந்துதான் ஏற்றினேன். அவவின் முழங்கால் உனக்குத் தெரியுந்தானே. கதவைத் திறந்து பிடித்தேன். சீட்டைப் பார்த்தா, தரையைப் பார்த்தா. “தம்பி, இது ஏறுறதா, இறங்குறதா?” பிறகு பாயில் குந்துகிற மாதிரி மெல்ல இருந்து, காலை உள்ளே எடுத்து வைத்தா. திரும்ப எழும்பத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டி வந்தது. ஆனால் பெரியகடை வரைக்கும் போய் வந்தோம், வழியெல்லாம் கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தா.

ஒரு உதவி. ஓகஸ்டில் வருகிறாய் என்றால் மைனருக்கு முன்கண்ணாடி றப்பர் ஒன்று கொண்டு வா. இங்கிலாந்து வண்டிதானே, அங்கே சுலபமாகக் கிடைக்கும். இங்கே வாங்கினது முதல் மழைக்கே தண்ணி விட்டது. பாரமில்லை, சுருட்டிச் சூட்கேசுக்குள் வைக்கலாம். கன்னியாவுக்குப் போவோம். ஆனால் முன்சீட்டு உனக்கு இல்லை, அம்மா இப்போதே சொல்லிவிட்டா. பின்பெட்டியில் நின்றுதான் வர வேண்டும். துவாய் எடுத்து வா.

அன்புடன்,
உன் மச்சான்