இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரியத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் உன் பெயரிலும் மொய் எழுதிவிட்டு வந்தோம்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. வங்கிச் செயலியை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். எதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பொங்கலுக்கு வந்தபோது நிறுத்தி வைத்துவிட்டுப் போனாயே, அது பலிக்கவில்லை. புதுப்பித்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. திறந்தால், முதல் பக்கத்தில் இருந்த கணக்கு இருப்பைக் காணோம். அந்த இடத்தில் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு கண் படம். அதைத் தொட்டால்தான் இருப்பு தெரியுமாம். கண்ணுக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? பணம் அனுப்பும் பட்டன் இருந்த இடத்துக்கு விரல் பழக்கத்தில் போகிறது, அங்கே இப்போது இன்சூரன்ஸ். கரண்ட் பில் கட்டுமிடம் எங்கோ அடியில் சாம்பல் நிற எழுத்தில் ஒளிந்திருக்கிறது. வெள்ளையில் சாம்பல்! எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் நெறிமுறை இருப்பதாக நீதானே சொன்னாய்?

உன்னைச் சொல்வதாக நினைக்காதே. என் மகள் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறாள் என்று நான் பெருமையடிக்காத ஆள் பென்ஷனர் சங்கத்தில் இல்லை. போன கூட்டத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் இந்தச் செயலியைத்தான் வைதுகொண்டிருந்தார்கள்.

நீ கல்லூரியில் இருந்தபோது, 2012இல், விண்டோஸ் 8 வந்தது. 1995 முதல் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கூச்சல் போட, அடுத்த வருடமே 8.1இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதை வைத்து நீ கருத்தரங்கில் பேசினாய். நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். பழகியவர்கள் தேடுவதில்லை, கை தானாகப் போகிறது, ஆகவே காரணமில்லாமல் இடத்தை மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தாய். அப்படி எழுதியவள் இப்போது, புதிதாக எதையாவது செய்து காட்டினால்தான் வருடக் கடைசியில் சம்பளம் ஏறும் என்கிறாய். 2021இல் விண்டோஸ் 11இல் அதே பட்டனை நடுவுக்கு நகர்த்தினார்களே, யார் கேட்டார்கள்? தாலுகா அலுவலகங்களில் எத்தனை தட்டச்சு இயந்திரங்கள் என் கையில் தேய்ந்தன! எந்த ஊருக்கு மாற்றினாலும் போய் உட்கார்ந்து கீழே பார்க்காமல் அடித்தேன். 'க' இருந்த இடத்தில்தான் இருந்தது.

வாட்ஸ்அப்பில் உன் படமும் மாறியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குற்றாலத்தில் நிற்கும் படம் போய் ஏதோ ஒரு மலை வந்திருக்கிறது. அதையும் செயலியே மாற்றிவிட்டதா என்று அம்மா கேட்டாள். இருக்கும் என்றேன். மலை அழகாகத்தான் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது, உன் கையில் ஒரு வேலை வந்தால் பழைய பட்டனை இருந்த இடத்திலேயே விடு. புதியதைப் பக்கத்தில் வை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். திடீரென்று ஒரு காலையில் எல்லாம் வேறாக இருந்தால் வயதானவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்? ஒரு வார்த்தை போதும். பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். இப்போது இரவு பன்னிரண்டு மணிக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதற்கு நான் என்ன பதில் போடுவது? பழைய பட்டனை மாற்றாதே என்பதை உன் மேலதிகாரியிடமும் சொல். நீ சொன்னால் கேட்பார்கள். பள்ளியிலிருந்தே நீ சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

ஆயுத பூஜைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் 60 நாளுக்கு முன்பே எடுத்தால்தான் இடம் கிடைக்கும். செயலியெல்லாம் வேண்டாம், நான் ஸ்டேஷனுக்கே போய் வரிசையில் நின்று படிவம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எத்தனை டிக்கெட் என்று மட்டும் எழுது. ஒன்று என்றாலும் சரிதான்.

அன்புடன்,
அப்பா