ஐஸ் பெட்டியைக் காலி செய்து தந்த அண்ணாச்சிக்கு

தாமிரபரணி வீட்டுக்குள் வந்து போன கதையை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிர் தப்பினோம், சரி. நான் நன்றி சொல்ல வந்தது அப்பாவின் காகிதங்களுக்காக.

அப்பாவைத் தெருவில் ‘ராசா’ என்று கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபின் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து அடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் சிவகங்கைக்காரர்களுமாக 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் ஒருவர் எங்கள் வழி என்பது ஆச்சி சொன்னது. அப்பா அதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. கணக்கர் வேலையில் கிடைத்த லீவை எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கழித்து, கிழக்கிந்தியக் கும்பினிக் கடிதங்களைப் பென்சிலால் நகலெடுத்தார். அந்த நோட்டுகள்தான் சேற்றுத் தண்ணீரில் ஊறி, செங்கல் மாதிரி கனத்துக் கிடந்தன.

வெயிலில் பரப்பப் போனேன். போனில் கிடைத்த ஒரு சுவடித்துறை மாணவி தடுத்தார். இத்தனையையும் ஒரே நாளில் காயவைக்க முடியாது, இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், உடனே உறைய வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிழலில் உலர்த்தலாம் என்றார். எங்கள் ஃபிரிட்ஜ் தெருவில் மிதந்து போயிருந்தது.

கடைசியில் மேட்டுத் தெரு ஐஸ்கிரீம் ஏஜென்சி அண்ணாச்சியிடம் போய் நின்றேன். முன்பின் பழக்கம் இல்லை. அவரிடம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஏற்றி வைத்த சரக்கு பெட்டி நிறைய. நான் பாதி சொல்வதற்குள் மூடியைத் திறந்து சரக்கை வெளியே அள்ள ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் அண்ணாச்சி, ஒரு ஓரம் போதும் என்றேன். “கோன் ஐஸு நாளைக்கும் வரும். இத எங்கம்மா போயி வாங்குவிய?” என்றார். சரக்கெல்லாம் முகாம் பிள்ளைகளுக்குப் போனது. நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பாலிதீன் பையில் போட்டு அவரே அடுக்கினார். ஐஸ் கேட்டு வந்த பிள்ளைகளிடம், “பெட்டிக்குள்ள ராசா தூங்குதாரு, போங்கலே” என்று விரட்டினாராம். பொங்கல் வரை அந்தப் பெட்டி எங்களுக்கே. டீசல் காசைக் கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பேனா மையில் எழுதியவை பல பக்கம் கரைந்து போயின. பென்சில் எழுத்து அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

நோட்டுகளை டிராக்டரில் ஏற்றிய பையன்கள், பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறிக்கு அடியில் தாள் தாளாகப் பிரித்த அக்காமார், மை ஒற்ற வெள்ளைத்தாள் தந்த அச்சகத்தார், எங்களுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டார் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

உலர்த்தும்போதுதான் முதல்முறை ஒழுங்காகப் படித்தேன். சின்ன மருது மகன் துரைசாமி சிறுவனாகப் பிடிபட்டு அந்தக் கப்பலில் போனவர். அப்போது அவரைக் காவலில் வைத்திருந்த வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, 1818-ல் பினாங்கில் அவரை மறுபடி பார்த்திருக்கிறார். இளமையிலேயே கிழடு தட்டிப் போயிருந்தாராம். அதை எழுதிய அப்பா, அடுத்து எங்கள் குடும்பம் வரவேண்டிய பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறார். ஆதாரம் கிடைக்காமல் நிரப்ப மாட்டார். ராசா என்று கூப்பிடுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனி ஒரே வீட்டில் ஒரே பிரதியாக அது இருக்காது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஊர் நூலகத்திலும் ஒரு கல்லூரியிலும் வைப்பேன். அண்ணாச்சி கடையிலும் ஒன்று, அவர் வேண்டாம் என்றாலும்.

தாள் சுமந்து வந்த நார்ப்பெட்டிகளும் இரண்டு சருவமும் யாருடையவை என்று தெரியாமல் எங்கள் திண்ணையில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பேச ஆரம்பித்தால் விடமாட்டார், நேரம் பார்த்து வாருங்கள்.