கொண்டை போட முடியவில்லை என்று எழுதியிருந்தாயே

மாதுங்கா, மும்பை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பேரன் படம் பார்த்தேன், அப்படியே உன் மூக்கு.

பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது, இப்போது வலது கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

எனக்கும் கழுத்து பிடித்துக்கொண்டுதான் கிடந்தது. தினமும் லோக்கல் ரயிலில் வலது தோளில் பை, இடது கையில் பிடி. அப்புறம் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். எலும்பில் குறையில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, ரோல்ஃபிங் செய்யும் ஓர் அம்மாவிடம் போனேன். கையால் மெதுவாக அழுத்தி உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தி நேராக நிற்கவைக்கும் வைத்தியம். ஐடா ரோல்ஃப் என்ற அமெரிக்கப் பெண் உருவாக்கிய முறை அது. 1920-இலேயே உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மொத்தம் 10 தடவை போகவேண்டும்.

ஆட்டுக்கறி கழுவும்போது வெள்ளையாய், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு வருமே, நகத்தால் உரித்து எறிவோமே, அது நமக்கும் உண்டு. இணைப்புத் திசு என்பார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை விட்டுப்போகாமல் தொடர்ந்து, தசைக்கெல்லாம் உறை மாதிரி இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவில் ஒரு வழவழப்பு உண்டு. அசைய அசைய ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அசையாமல் ஒரே கோணத்தில் கிடந்தால் அந்த வழுக்கல் குறையும்.

கழுத்து வலி என்று போனவளை முதல் நாள் அந்த அம்மா கழுத்தில் தொடவே இல்லை. நிற்கச் சொல்லி முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார். அப்புறம் எண்ணெய் இல்லாமல், விலா எலும்புகளுக்கு இடையே விரல் முட்டியை வைத்து, அவசரமே இல்லாமல் அழுத்தினார். "மூச்சு விடுங்க, கையை மெதுவா மேலே கொண்டு போங்க" என்றார். சுளீர் என்று ஒரு எரிச்சல். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுத்தது. அன்றைக்கு மூச்சு முதுகுவரை போனது. இரண்டாவது தடவை முழுக்கப் பாதம்தான். கூன் போடாதே என்று அம்மா கத்துவாளே, அப்போது விறைத்து நிமிர்வேனே, அப்படி இல்லை இது. சும்மா நின்றாலே தலை தோளுக்கு நேராக வந்து நிற்கிறது.

சவ்வையே இழுத்து நீட்டிவிடுகிறார்கள் என்று சிலர் சொல்வதை நம்பாதே. அது அவ்வளவு லேசில் நீளாத சமாச்சாரம். தொடுவதால் நரம்புகள் அமைதியாகி, இறுக்கிப் பிடித்த தசை விட்டுக்கொடுக்கிறது என்றே விளக்குகிறார்கள். இந்த முறைக்கு ஆராய்ச்சி ஆதாரமும் இன்னும் குறைவுதான். எனக்குக் குணம் தெரிந்தது, அதைச் சொல்கிறேன்.

ஆனால் ஏட்டி, உன் சங்கதி வேறு. கை மேலே போகவே மாட்டேன் என்றால் தோள்மூட்டு இறுகிப்போயிருக்கலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது அதிகம் வரும். அதனால் முதலில் சுகர் பார், தோளை டாக்டரிடம் காட்டு. யாரிடமும் போய் முரட்டுத்தனமாகப் பிடித்துவிடச் சொல்லாதே. டாக்டர் சரி என்றால், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய்த் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை பற்றிக் கேள். நம் ஊர்க் கைவைத்தியம்தானே அது, சித்தத்தில் சொல்லும் 32 புற மருத்துவங்களில் ஒன்று. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் மறக்காமல் அங்கே சொல்லிவிடு.

அதுவரை, ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தட்டை இறக்கி வை. எழுந்து முற்றத்தை ஒரு சுற்று நட. விலா விரிய நாலு மூச்சு இழு. கூலி குறையுமே என்று நினைப்பாய், தெரியும். ஆனாலும் எழுந்திரு.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன். சுகர் ரிசல்ட் வந்த அன்றைக்கே போன் போடு.

பிரியமுடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி