வீட்டுப் பெரியவர்களை மாலை வகுப்புக்கு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த முறை உங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை. உங்கள் அம்மா, அப்பா, மாமியார், மாமனாரைப் பற்றி எழுதுகிறேன்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் நம் பள்ளியில் மாலை வகுப்பு நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம். கட்டணம் கிடையாது. சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்குச் சம்பளமும் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கவும் போனவர்கள். தமிழ்நாட்டில் 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் 18 பேர் இருப்பார்கள் என்பது கணிப்பு. அவர்களுக்கும் இந்தப் பள்ளியில் இடம் வேண்டும்.

போன வாரம் ஒரு பாட்டி பென்சிலை அழுத்திய அழுத்தில் முனை மூன்று முறை ஒடிந்தது. 'அ' வரவே இல்லை. "சிக்குக் கோலம் இழுக்கிற மாதிரி இழுங்கம்மா" என்றார் தன்னார்வலர். கை தானாகச் சுழித்தது. வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மாதாமாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை எடுக்க, வங்கியில் சீட்டு எழுதித்தர ஆள் தேடி நிற்பவர் அவர். "இன்னும் கொஞ்ச நாள்தான் சார், அப்புறம் கைநாட்டு வைக்க மாட்டேன்" என்றார்.

ஆனால், நான்கு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். வீடு தேடிப் போய்க் கேட்டேன். படிப்பு ஏறவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டில் அடுப்பு வேலை, ஒரு வீட்டில் கைக்குழந்தை. இன்னொரு வீட்டில், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்களாம். அந்த ஒரு கேள்வி போதும், மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல் கேரள எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு வயது 96.

மாலை ஆறரை முதல் எட்டு மணி வரை வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிரித்தால் கண்டியுங்கள்; பாட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். நோட்டு, பென்சில் இங்கேயே இருக்கின்றன. வெள்ளெழுத்துக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்