.22 ரைபிள் சிக்குனா மேகசினை முதல்ல பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்காவுல துப்பாக்கி சுடுற பழக்கம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், முக்காவாசி சரியாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல செமி ஆட்டோ (ஒரு தடவை ட்ரிகர் அழுத்தினா ஒண்ணு வெடிச்சு, அடுத்த தோட்டா தானா ஏறுற) .22 ரைபிள்னாலே சும்மா சும்மா ஜாம் ஆகும், ஆயிலை நல்லா ஊத்தி வெச்சா சரியாயிடும்னு ரெண்டு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் டெக்சாஸ்ல இருக்கேன், லீவு நாள்ல பக்கத்து ரேஞ்சுல புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக்குடுப்பேன் (சம்பளம்லாம் இல்ல, காபி உண்டு). அங்க பாக்குற ஜாம்ல பெரும்பாலானதுக்கு ரைபிள் காரணமே இல்ல, ஒண்ணு தோட்டா, இல்ல மேகசின் (தோட்டாவை அடுக்கி வைக்கிற பெட்டி).

.22 லாங் ரைபிள் தோட்டா 1887ல ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. அப்போ செமி ஆட்டோ .22ன்னு ஒண்ணே கடையில கிடையாது, ஒவ்வொரு தடவையும் தோட்டாவை கையால போட்டோ, லீவர் மாதிரி எதையாவது இழுத்தோதான் சுடணும். அந்த தோட்டாதான் இன்னைக்கும். அடியில விளிம்பு வெளிய துருத்திட்டு நிக்கும், குண்டு ஈயம், மேல மெழுகு தடவியிருக்கும் இல்லன்னா லேசா செம்பு பூசியிருக்கும். வெடிக்க வைக்கிற மருந்து அந்த விளிம்புக்குள்ளயே சுத்தி ஒட்டியிருக்கணும், ஒரு இடத்துல மருந்து இல்லாம ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கிற ஊசி) போய் அங்கயே அடிச்சா டொக்குன்னு சத்தம் மட்டும்தான், தீபாவளி பொட்டு கேப்ல சிலது நமுத்துப் போயிருக்கும்ல அந்த கதைதான். அதே தோட்டாவை கொஞ்சம் திருப்பிப் போட்டா பல தடவை வெடிச்சிடும்.

இன்னொண்ணு, இந்த ரைபிள் எல்லாம் ப்ளோபேக். போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னாடி முன்னும் பின்னும் ஓடுற இரும்புத் துண்டு) பூட்டி வைக்க எதுவும் கிடையாது, அதோட வெயிட்டும் ஸ்பிரிங்கும்தான், காலி தோட்டா பின்னாடி தள்ளுற வேகத்துலதான் எல்லாமே ஓடணும். சத்தம் வராதுன்னு சப்சானிக் (ஒலியைவிட மெதுவா போற) தோட்டா வாங்கிப் போட்டா சில ரைபிள்ல போல்ட் பாதி தூரம் வந்து திரும்பிடும், காலி கேஸ் (சுட்டப்புறம் மிஞ்சுற தோட்டா ஓடு) அது வெளிய வர்ற வாயில செங்குத்தா மாட்டிக்கிட்டு நிக்கும், இதைத்தான் ஸ்டவ்பைப்ங்கிறாங்க. அதே ரைபிள்ல சி.சி.ஐ மினி மேக் மாதிரி 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு, வினாடிக்கு 1,235 அடி போறதைப் போட்டா சிக்கல் இல்லாம வேலை செய்யும். 2013ல இங்க .22 தோட்டாவுக்கு பெரிய தட்டுப்பாடு வந்துச்சு, அப்ப கிடைச்சதை எல்லாம் அள்ளி வெச்சவங்க இன்னும் அதைத்தான் சுடுறாங்க, அப்புறம் ரைபிளைத் திட்டுறாங்க!

மேகசினுக்கு வருவோம். வளைஞ்ச நீள மேகசின்ல தோட்டாவை அவசரமா அமுக்கினா மேல உள்ளதோட விளிம்பு கீழ உள்ளதோட விளிம்புக்குப் பின்னாடி போய் மாட்டிக்கும், இதுக்குப் பேருதான் ரிம் லாக், அப்புறம் போல்ட் தள்ளினா எங்க போகும். ரூகர் 10/22ன்னு ஒரு ரைபிள், 1964ல வந்தது, அதுல மேகசினுக்குள்ள ஒரு ரோட்டர் சுத்தும், பத்து தோட்டாவும் தனித்தனி பள்ளத்துல உக்காரும், அதனால இந்த பிரச்சனையே இல்ல. மார்லின் மாடல் 60 வேற வழி, குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும், அங்கயும் ரிம் லாக் வராது, ஆனா உள் குழாய் லேசா நசுங்கினாலும் தோட்டா பாதியில நின்னுடும்.

சிக்கின தோட்டாவை தூக்கி எறியாம கையில வெச்சுப் பாருங்க. ஈய மூக்குல சேம்பர் (தோட்டா போய் உக்கார்ற குழலோட பின்பக்கம்) வாய்க்குக் கீழ இடிச்ச தழும்பு இருந்தா மேகசின் கீழ இறங்கி உக்காந்திருக்கு, இல்ல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. விளிம்புல ஃபயரிங் பின் அடிச்ச குழி ஆழமா இருந்தும் வெடிக்கலன்னா தோட்டா மேல தப்பு. குழி லேசா இருந்தா போல்ட் முழுசா மூடல, இல்ல பின் போற பாதையில கசடு. காலி கேஸ் சேம்பர்லயே நின்னா எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸை வெளிய இழுக்குற கொக்கி) நுனி மழுங்கியிருக்கும், இல்ல சேம்பர் அழுக்கு. மேகசின் நாலு அஞ்சு வெச்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல நம்பர் எழுதிடுங்க, எப்பவும் ஒரே நம்பர்தான் சிக்குதுன்னா விஷயம் முடிஞ்சுது. இதெல்லாம் பாக்காம நம்ம பசங்க நேரா ஆன்லைன்ல போய் புது போல்ட், புது ஸ்பிரிங், புது ட்ரிகர்னு ரைபிள் விலைக்கு மேல செலவு பண்ணுவாங்க.

ஆயில் விஷயம். மெழுகும் ஈயமும் புகைக்கரியும் ஏற்கனவே உள்ள படியும், அதுமேல ஆயில் ஊத்தினா எல்லாம் சேர்ந்து பசையாகி சேம்பர்ல ஒட்டிக்கும், மேகசினுக்குள்ளயும் இறங்கும். குளிர்ல இன்னும் கெட்டியாகிடும். போல்ட் ஓடுற இடத்துல ஒரு சொட்டு போதும், சேம்பரும் மேகசினும் காஞ்சுதான் இருக்கணும்.

தோட்டா இல்லாம ட்ரிகர் அழுத்திப் பழகுறதும் சொல்லணும். பழைய .22 சிலதுல பின் நேரா சேம்பர் ஓரத்துல அடிச்சு பிசிறு கிளப்பிடும், அப்புறம் தோட்டா முழுசா உள்ள போகாது. 10/22க்கு அது பரவாயில்லன்னு ரூகரே சொல்லுது, மத்ததுக்கு இங்க ஹார்டுவேர் கடையில சுவத்துக்கு ஸ்க்ரூ அடிக்க விக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை சேம்பர்ல போட்டுக்குவாங்க, அச்சா பொருந்தும்.

உங்க கட்டுரையில சுத்தமா விட்டுப்போனது ஒண்ணு இருக்கு. டொக்குன்னு சத்தம் வந்து வெடிக்கலன்னா உடனே போல்ட்டை இழுக்கக்கூடாது, குழல் டார்கெட் பக்கமே இருக்க 30 செகண்ட் காத்திருக்கணும், லேட்டா வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட சப்புன்னு வந்தா மேற்கொண்டு சுடவே கூடாது, குண்டு குழலுக்குள்ளயே நின்னிருக்கலாம், அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கிடும். ரைபிளை காலி பண்ணி உள்ள அடைப்பு இல்லன்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. ஜாமை விட ஜாமை எடுக்கப்போய் குழலை பக்கத்துல நிக்கிறவன் மேல திருப்புறவங்களைப் பாத்தாத்தான் எனக்கு பயம், அதனால அந்த ஆயில் வரிக்கு திருத்தம் போடும்போது இந்த 30 செகண்டையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சாஸ்